பெரட்டு எடுத்தவர்

1981ஆம் ஆண்டு, தைப்பூசம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பழனியப்பன் மண்டோர் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தை விட்டுப் போனார். பீடோருக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தில் கித்தா என்ற ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடத் தொடங்கியிருந்தார்கள். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோருக்கும் வயதாகிவிட்டது. ஈப்போவில் வங்கி வேலையில் இருந்த மகன் சதாசிவம் தன் காரைக் கொண்டுவந்து மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தியிருந்தான்.

தோட்டமே அங்கே கூடியிருந்தது. மாலை, பொன்னாடை, லட்டு, மீ கோரெங், ஒலிபெருக்கி என்று எதற்கும் குறைவில்லை. தொழிற்சங்கக் கிளைத் தலைவர் மைக்கைப் பிடித்து, "இத்தன வருஷத்துல ஒரு நாள்கூட பெரட்டுக்குப் பிந்தாத மனுஷன்" என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். விடிவதற்கு முன் மணி அடிக்கும். ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துவிடுவார். அதற்குத்தான் பெரட்டு என்று பெயர். தோட்டத்தில் பிறந்த யாரும் அந்த மணிக்கு எழாமல் வளர்ந்ததில்லை.

என் அப்பா கஸ்பார் அங்கே தோட்ட மருந்தகத்தில் டிரெஸ்ஸராக இருந்தார். நான் இங்கிலாந்தில் தாதிப் படிப்பை முடித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்து, பிறகு தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதிகளின் முகாமில் இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மண்டோர் காரில் ஏறப்போகும் நேரத்தில் முத்தம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது தாண்டிய பால்வெட்டுக்காரி. நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தாலி.

"மண்டோரண்ணே, நீங்க ஈப்போ போறீங்க. நல்லா இருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அவரு இருக்காரா, இல்லையா?"

அவரு என்றால் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். முத்தம்மாவின் கணவர் உடையப்பன். ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனவர்களில் ஒருவர். அதே லாரியில் மண்டோரும் போனார். மண்டோர் திரும்பி வந்தார்.

"அதெல்லாம் பழைய கதை முத்தம்மா. நல்ல நாள்ல போயி இத எடுக்கிற."

"ஒங்களுக்குப் பழசு அண்ணே. நான் இன்னைக்குக் காலையிலயும் குங்குமம் வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "அக்கா, அவரு அங்கன சயாம்காரி ஒருத்தியக் கட்டிக்கிட்டு பேரன் பேத்தி எடுத்திருப்பாரு லா!"

கூட்டம் சிரித்தது. முத்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கட்டியிருந்தா கட்டியிருக்காருன்னு சொல்லட்டும்டா. அதையாவது சொல்லட்டும்."

மண்டோர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "ஆத்தா வாசல்ல நிக்கிற. அவகிட்டக் கேளு. எனக்கு என்னா தெரியும்?"

சதாசிவம் வந்து, "பெரியம்மா, கைய எடுங்க, கதவு நசுக்கிடும்" என்று அவர் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டான். கார் போய்விட்டது. இலையில் மிச்சமிருந்த மீயைச் சாப்பிட ஆட்கள் திரும்பிப் போனார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது மண்டோர் மேல் அல்ல, அந்தச் சிரிப்பின் மேல். சிரித்தவர்களில் பாதிப் பேருடைய அப்பாவோ சித்தப்பாவோ அந்த லாரிகளில் போனவர்கள்.

போர் முடிந்து மண்டோர் எலும்பும் தோலுமாகத் திரும்பிய அன்று முத்தம்மா ஓடிப்போய்க் கேட்டிருக்கிறார். "பின்னால வாரான்" என்று மண்டோர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முத்தம்மா ஒரு வாழ்நாளைக் கழித்தார். கமுந்திங்கிலிருந்து அவர் அண்ணன் வந்து வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னபோது, புருஷன் வரும் வழியில் இருக்கிறான் என்று அனுப்பிவிட்டார். ஆடி அமாவாசைக்கு மற்ற வீடுகளில் சயாமில் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். முத்தம்மா போட முடியாது. உயிரோடு இருப்பவனுக்கு யார் படைப்பார்கள்? கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க அவரைக் கூப்பிடவும் மாட்டார்கள், ஒதுங்கி நில் என்று சொல்லவும் மாட்டார்கள். மண்டபத்தின் நடுவில், எங்கே நிற்பது என்று தெரியாமல் அவர் நிற்பதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன்.

பழனியப்பன் மண்டோரைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். குரல் கணீரென்று இருக்கும், ஒரு முறை கேட்ட பெயர் மறக்காது. அதனால்தான் வெள்ளைக்காரத் துரை அவரை இருபத்தைந்து வயதுக்குள் மண்டோர் ஆக்கினான். குடிக்க மாட்டார். பிரசவ வலி வந்த பெண்களைத் தன் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து பீடோருக்கு மிதித்திருக்கிறார். காய்ச்சல்காரனுக்குப் பக்கத்து நிரையாகப் பார்த்துக் கொடுப்பார். என்னைக்கூட ஒரு முறை பாம்பு கிடந்த வழியில் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் அவரை அரக்கனாக்கி ஒதுக்கிவிடுவது சுலபம். எல்லை முகாமில் மலேரியாவோடு ஒரு பையன் கிடந்தான். முன்பு சிறைக் காவலாளியாக இருந்தவன். மொழிபெயர்ப்பாளர் மூலம் அவன் என்னிடம் சொன்னது, "நான் கையை மட்டும்தான் கட்டிவிட்டேன், கூட்டிப்போனது வேறு ஆள்கள்." கஞ்சி கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவான், பக்கத்துக் கட்டில் கிழவிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான். அவன் முகத்தில் நான் கொலைகாரனைத் தேடித் தேடிச் சலித்துப்போனேன். இந்தக் கொடுமையெல்லாம் வேறு நாட்டில், வேறு மாதிரி மனிதர்களுக்குள் நடப்பது என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். வந்து இறங்கினால் எங்கள் கோயில் வாசலில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

அடுத்த வாரம் கள்ளுக்கடைக்கு வெளியே அர்ச்சுனன் மாமாவைப் பார்த்தேன். மண்டோரின் மனைவிக்குத் தம்பி. மதியமே நன்றாகக் குடித்திருந்தார்.

"டிரெஸ்ஸர் மக வெள்ளைக்கார ஊருக்குப் போயிட்டு கள்ளுக்கடைக்கு வந்திருக்கா பாருங்கடா! ஒரு மங்கு ஊத்தவா?"

"ஒங்க மச்சானப் பத்திக் கேக்க வந்தேன் மாமா. அந்த லாரி வந்த அன்னைக்கு நீங்க எப்படித் தப்பிச்சீங்க?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வயித்து வலி."

"நெசமாவா?"

"எங்க மச்சான் சொன்ன வயித்து வலி." மங்குக் கோப்பையைக் கீழே வைத்தார். "முந்தின நாள் சாயங்காலம் வூட்டுக்கு வந்தாரு. நாளைக்கு மணி அடிச்சா நீ வராத, வயித்த வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்கன்னாரு. நாளைக்கு ஓய்வு நாளாச்சே, எதுக்கு மணி அடிக்கணும்னு கேட்டேன். கேக்காத, படுன்னுட்டாரு."

"அப்ப அவருக்கு முன்னாடியே தெரியும்."

"எல்லாம் தெரியும் லா. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்திலேருந்து மொதல்ல போனவன்ல ஒருத்தன் தப்பிச்சு, காட்டு வழியா வந்து இவர்கிட்டத்தான் எல்லாத்தையும் சொன்னான். அங்க போனா சாவுதான்னு. காலையில மணி அடிச்சுது. லாரி பொகைக்கூண்டுக்குப் பின்னால நிக்குது, யாருக்கும் தெரியாது. நான் சன்னல் வழியா பார்த்துக்கிட்டே படுத்திருந்தேன். ஓய்வு நாளும் அதுவுமா எதுக்குடா மணின்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேக்கணுமே? பல்லு வெளக்கிக்கிட்டே வந்து வரிசையில நிக்கிறானுங்க. உடையப்பன் சட்டைப் பித்தானப் போட்டுக்கிட்டே ஓடுறான், பிந்திட்டோம்னு! மச்சான் பேரு கூப்புட்டாரு. 'இந்தா இருக்கேன்', 'இந்தா இருக்கேன்'னு சொல்லிட்டே லாரியில ஏறிட்டானுங்க. கடைசியில, அங்கயும் ஆளுங்கள மேய்க்கணும்னு மச்சானையும் ஏத்திட்டான் ஜப்பான்காரன்."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"நான் உசுரோட இருக்கிறதே அவரு போட்ட பிச்ச. நான் எப்பிடிம்மா சொல்லுவேன்?" கோப்பையை எடுத்துக் குடித்தார். "நீ போ. மழ வருது."

ஜப்பான்காரன் துப்பாக்கியோடு லயத்து வீடுகளுக்குள் புகுந்து ஆட்களை இழுத்திருந்தால் சிலராவது காட்டுக்குள் ஓடியிருப்பார்கள். அவன் புத்திசாலி. தினமும் கேட்டுப் பழகிய மணியை, தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரலை வாடகைக்கு எடுத்துக்கொண்டான். நம் ஆள் கூப்பிடுகிறான் என்றுதான் அவர்கள் வந்தார்கள்.

மாதக் கடைசியில் ஈப்போவுக்குப் போனேன். புந்தோங்கில் சதாசிவத்தின் வீடு. மண்டோர் வெள்ளை பனியனோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு, டிரெஸ்ஸர் மகளா? வா வா. பசியாறியாச்சா?"

பசியாறிவிட்டேன் என்றேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எப்போதாவது யாராவது கேட்பார்கள் என்று தயாராக இருந்தவர் போலவே பேசினார்.

"நான் யாரையும் அடிச்சதில்ல. போயி விசாரிச்சுப் பாரு."

"அடிச்சீங்கன்னு நான் சொல்லலையே."

"பெரட்டு எடுத்தேன். தொரை இருந்தப்பவும் அதான் வேல. ஜப்பான்காரன் வந்தப்பவும் அதான் வேல. சண்ட முடிஞ்சு தொரை திரும்பி வந்தான், நாளைக்கே பெரட்டு எடுன்னான். எடுத்தேன். எனக்கு வேற என்னா தெரியும்?"

"அர்ச்சுனன் மாமாவைப் படுத்துக்கச் சொன்னீங்களே."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "கட்டினவ தம்பி. வூட்டு ஆளு."

"மத்தவங்க?"

"எல்லாரையும் படுக்கச் சொன்னா லாரி காலியாப் போவும். காலியாப் போனா என்னையச் சுட்டிருப்பான். நீ அங்க இருந்தியா?"

"சயாம்ல பெரட்டு எப்படி ஐயா?"

"அதே மாதிரிதான். விடியக்காலையில வரிச. நிக்கிறவன் வேலைக்கு. நிக்க முடியாதவன் அந்தப் பக்கம் கொட்டாய்க்கு."

"கொட்டாய்க்குப் போனவங்களுக்கு?"

"வேல இல்லாதவனுக்கு அரிசிப் படி கெடையாது. அவன் சட்டம்."

"யாரால நிக்க முடியும், யாரால முடியாதுன்னு யாரு சொன்னது?"

அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. "அவனுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான். அவனுக்கு எப்பிடித் தெரியும்? என்னையத்தான் கேப்பான். நம்ம ஆளுங்க, ஒவ்வொருத்தனையும் எனக்குத் தெரியும்ல? ஆனா ஒண்ணு. நிக்கிறவன ஒரு நாளும் நான் அந்தப் பக்கம் அனுப்பல. ஆத்தா மேல சத்தியம்."

"உடையப்பன் எந்தப் பக்கம்?"

உள்ளேயிருந்து சதாசிவம் வந்தான். "மிஸ்ஸி, அப்பாவுக்கு பிரஷர் இருக்கு. நீங்களே தாதி, ஒங்களுக்குத் தெரியாதா? போதும்."

"ஒரே வார்த்தை. அந்த அம்மா கேக்கிறது இருக்காரா இல்லையான்னு மட்டும்தான்."

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் மண்டோர். ஒரு முறை கேட்ட பெயரை மறக்காதவர்.

பேருந்தில் திரும்பும்போது அவர் சொன்னதையெல்லாம் அவருக்குச் சாதகமாகவே நினைத்துப் பார்த்தேன். சுட்டிருப்பார்கள். உண்மையாக இருக்கலாம். அவர் இல்லாவிட்டால் வேறொருவன் மணி அடித்திருப்பான். அதுவும் உண்மையாக இருக்கலாம். பசியில் மனிதன் என்ன செய்வான் என்று வயிறு நிறைந்த நான் பேசக்கூடாது. சரி, விட்டுவிடுகிறேன். முதல் நாள் பெயர் கூப்பிட்டார், அதில் என்ன என்று தோன்றியிருக்கும். அடுத்து வரிசையைப் பிரித்தார், அதுவும் பழகிய வேலைதான். ஒவ்வொரு நாளும் நேற்று செய்ததைவிட ஒரு விரற்கடைதான் அதிகம். சாகடிப்பவன் வேறு ஒருவன், சட்டம் போட்டவன் இன்னொருவன், நடுவில் இவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். இப்படித்தான் நடந்திருக்கும். நல்ல மனிதர்களை வைத்துத்தான் இதை நடத்த முடியும். சோம்பேறிகளையும் திருடர்களையும் வைத்து ஒரு பெரட்டுகூட எடுக்க முடியாது.

ஆனால் 1945க்குப் பிறகு? அப்போது அவர் முதுகில் எந்தத் துப்பாக்கி இருந்தது? முத்தம்மா தினமும் விடியற்காலையில் அவர் முன்னால் வரிசையில் நின்றார், நெற்றியில் குங்குமத்தோடு. அவர் "முத்தம்மா" என்று கூப்பிட்டார், "இந்தா இருக்கேன்" என்று அந்தப் பெண் சொன்னார். அவர் நிரையைக் காட்டி அனுப்பினார். இத்தனை வருடமும் எந்த ஜப்பான்காரன் அவரைப் பேசாதே என்றான்? மனிதன் செய்யும் கொடுமைக்குச் சூழ்நிலை, காலம், கட்டளைதான் காரணம் என்று எனக்கு இங்கிலாந்தில் வகுப்பெடுத்தவர்களைக் கூப்பிட்டு இதை விளக்கச் சொல்ல வேண்டும். துரை திரும்பி வந்தபோது அவனும் கேட்கவில்லை, இத்தனை பேர் எங்கே என்று. அவனுக்குப் பால் வேண்டும், மண்டோர் வேண்டும். தொழிற்சங்கம் கேட்கவில்லை, கோயில் கமிட்டி கேட்கவில்லை. என் அப்பாவும் கேட்கவில்லை. "பழசக் கிளறி என்னா ஆவப்போவுது எல்ஸி" என்றார். மண்டோர் தனியாக மௌனமாக இருக்கவில்லை, நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்காக மௌனமாக இருந்தோம்.

முத்தம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மணி, புகைக்கூண்டு, கொட்டகை. அவர் பால் வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டார். அழவில்லை.

"செத்துப்போயிட்டாருன்னுதான் நெனைக்கிறேன் பெரியம்மா."

"நானுந்தான் நெனைக்கிறேன். எத்தனையோ வருஷமா நெனைக்கிறேன்." வாளியைக் கவிழ்த்தார். "நெனைச்சதுக்கெல்லாம் தாலிய எறக்க முடியுமா? நீ பாக்கல. அர்ச்சுனன் பாக்கல. பார்த்தவன் சொல்லணும். நாலு பேரு முன்னாடி சொல்லணும். அப்பத்தான் நான் அவருக்கு ஒரு சோறு படைக்க முடியும்."

பிறகு தோட்டம் முழுவதும் செம்பனை ஆனது. லயத்தை இடித்தார்கள். முத்தம்மா பீடோர் பாசாருக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டுக்குக் குடிபோய், ஒரு சீனரின் கொய்யாத் தோட்டத்தில் காய்களுக்குப் பை கட்டும் வேலை பார்த்தார். நான் தைப்பிங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். மண்டோர் 1984இல் பக்கவாதத்தில் இறந்தார். இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். முத்தம்மாவும் போய் வந்தார். "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?" என்று வீட்டு ஆள்களைக் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1986ஆம் ஆண்டு, தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன், சதாசிவம் மருத்துவமனைக்கு வந்து என்னைத் தேடினான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மிஸ்ஸி, அப்பா பேச்சு நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சேதி சொன்னாரு. அந்தப் பெரியம்மாகிட்டச் சொல்லச் சொல்லி."

"அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு சதாசிவம்."

"தங்கச்சிக்கு மாப்பிள பார்த்துக்கிட்டிருந்தோம் மிஸ்ஸி. பேரு கெட்டுடும்னுதான். இப்பக் கல்யாணம் முடிஞ்சிருச்சு."

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். தனியாகப் போக பயமாக இருக்கிறது, கூட வரமுடியுமா என்றான். போனேன்.

முத்தம்மா வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சதாசிவத்தைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாய் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருய்யா. தனியாச் சொல்லாத."

ஈரக் காலோடு வாசலில் நின்று பக்கத்து வீடுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கருப்பம்மா! ராக்காயி! அடுப்ப அப்புறம் பார்த்துக்கலாம், எல்லாரும் வாங்கடி." பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மீன் விற்றுக்கொண்டிருந்தவனும் சைக்கிளை நிறுத்தினான்.

"இப்பச் சொல்லு" என்றார் முத்தம்மா. "அவரு சொன்னத அப்படியே சொல்லு."

சதாசிவம் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்:

"'உடையப்பன் நின்னுக்கிட்டுத்தான் இருந்தான். அன்னைக்கு அரிசி பத்தல. நான்தான் அந்தப் பக்கம் போன்னு சொன்னேன். அவனா நடந்து போனான். மூணாம் நாளு செத்துட்டான். முத்தம்மாகிட்டச் சொல்லிடு.'"